தெருச் சண்டை கேஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

(தம்பி மேல் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-இன் 296(பி), 115(2), 351(3) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது, அவர் காவலர் தேர்வுக்குப் படிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.)

கேஸ் முடிந்துவிடும். ஆனால் தம்பி தண்டனை பெற்றவராக வெளியே வருவார். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயிரம் ரூபாய் கட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கீழமை நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மூன்று பிரிவுகளும் சேர்ந்தேதான் வரும். 2024 ஜூலை 1-க்கு முன் இவை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2). பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கு மூன்று மாதம் வரை, சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை, கொலை மிரட்டலுக்கு ஏழாண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. ஏழாண்டு என்றதும் வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். அது உச்சவரம்புதான். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் போலீஸிடமிருந்து நோட்டீஸ் வரும். வந்தால் கட்டாயம் ஆஜராக வேண்டும். போகாமல் இருந்தால் அதையே காரணமாக வைத்துக் கைது செய்யலாம்.

எதிர்த்தரப்போடு பேசி முடிக்க நினைத்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. காயத்தையும் மிரட்டலையும் அடிபட்டவர் சம்மதித்தால் மாஜிஸ்திரேட் முன்பே சமரசமாக முடித்துக்கொள்ளலாம். மூன்றிலும் சின்னதான அந்த 296(பி)-ஐ அப்படி முடிக்க முடியாது, சமரசப் பட்டியலிலேயே அது இல்லை. அதனால் இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போய், பி.என்.எஸ்.எஸ். 528-ஆம் பிரிவில் வழக்கையே ரத்து செய்யக் கேட்பதுதான் வழக்கம். செலவு கொஞ்சம் கூடும்தான். தம்பியின் வேலையை நினைத்தால் அந்தச் செலவு தகும்.

காவலர் பணி விதி 14(பி) மிகக் கடுமையானது. சாட்சி பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனிலோ விடுதலையானவரைக்கூட 'குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்' என்றுதான் அது பார்க்கிறது. "சாட்சியைப் பேசிச் சரிக்கட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தவறு, தம்பிக்கும் பயன்படாது. சமரசத்தால் ரத்தானாலும் வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். மறைத்தது போலீஸ் வெரிஃபிகேஷனில் தெரிந்தால், அதைக் காட்டியே தேர்வை ரத்து செய்ய முடியும்.

இப்போதைக்கு எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். தம்பிக்கும் அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிய சீட்டையும் சேர்த்து வைத்து, குற்றவியல் வழக்கு பார்க்கும் வக்கீலிடம் கொடுங்கள். வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.