வயிறு போகேல்ல எண்டு எழுதின தங்கச்சிக்கு

வணக்கம் அக்கா,

நான் உப்புவெளியில இருக்கிறன், வயசு 29. ரெண்டாவது பிள்ளைக்கு இப்ப 14 மாசம், ரெண்டும் நோமல் டெலிவரிதான். கலியாணத்துக்கு முதல் 54 கிலோ, இப்ப 58, ஆனா வயிறு மட்டும் அஞ்சு மாசம் மாதிரி நிக்குது. போன கிழமை பஸ்ஸில ஒரு பிள்ளை எழும்பி சீட் தந்திட்டு எத்தின மாசம் அக்கா எண்டு கேட்டா, நான் ஒண்டும் சொல்லாம இருந்திட்டன். மாமி சொல்லுறா இந்தப் பிள்ளை பிறந்த பிறகு நான் துணியால வயித்தைச் சரியாக் கட்டேல்ல, அதான் எண்டு. யூடியூப் பாத்து ஒரு மாசமா நாளைக்கு 60 சிட்அப் செய்யுறன், இரவுச் சாப்பாட்டையும் விட்டிட்டன், முதுகு நோகுதே ஒழிய வயிறு குறையேல்ல. பிள்ளை இன்னும் பால் குடிக்குது. மெலியிற தேயிலை ஒண்டு வாட்ஸப்பில வருது, அது வாங்கலாமா? ஜிம்முக்குப் போக ஏலாது, வீட்டில என்ன செய்யலாம்?

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல் வேலையா அந்த சிட்அப்ப இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. உங்கட கடிதத்திலயே விடை கிடக்கு. 54க்கும் 58க்கும் இடையில நாலு கிலோ, அந்த நாலு கிலோவும் வந்து வயித்தில மட்டும் குந்தி இருக்காது. அப்ப இது கொழுப்பு மட்டும் இல்ல. வயித்துக்கு முன்பக்கம் மேல இருந்து கீழ ரெண்டு பட்டி மாதிரித் தசை ஓடுது, பிள்ளை வளர வளர அது ரெண்டும் விலகி நடுவில இருக்கிற சவ்வு இழுபட்டுப் போகும். கன பேருக்கு பிள்ளை பிறந்து முதல் ரெண்டு மாசத்தில அது தானா நல்லா நெருங்கி வரும், சில பேருக்கு, அதுவும் ரெண்டாவது மூண்டாவது பிள்ளைக்குப் பிறகு, விலகினபடியே நிண்டிடும். டொக்டர்மார் டயஸ்டாசிஸ் எண்டு சொல்லுறது இதைத்தான். நடுவில பிடிப்பு இல்லாட்டி உள்ளுக்க இருக்கிறதெல்லாம் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்கும், முதுகுக்கும் பாரம் போகும்.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டா நானும் இதே பிழையச் செய்தனான். மகன் பிறந்து எட்டாம் மாசம், உவர்மலை வீட்டு அறையில பாய விரிச்சுப்போட்டு மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சு எழும்பிறன், பக்கத்தில நிண்ட மூத்தவள், அப்ப அவளுக்கு அஞ்சு வயசு, 'அம்மா உங்கட வயித்தில தோணி கவுண்டு கிடக்கு' எண்டாள். குனிஞ்சு பாத்தா சரியாத்தான் சொல்லியிருக்கிறாள், நெஞ்சுக்குக் கீழ இருந்து தொப்புள் மட்டும் நடுவில ஒரு முகடு கூரா எழும்பி நிக்குது, கரையில கவுத்துப் போட்ட தோணியேதான். நான் அதை மசில்ஸ் வருது எண்டு நினைச்சு சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தனான், இப்ப நினைக்கச் சிரிப்பா இருக்கு. அந்த முகடு வந்தா விலகின இடத்தை இன்னும் தள்ளுறம் எண்டு அர்த்தம்.

நீங்களே பாக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடிச்சு, ரெண்டு விரலைத் தொப்புளுக்கு மேல குறுக்க வச்சு, தலைய மட்டும் கொஞ்சமாத் தூக்குங்கோ. ரெண்டு பக்கமும் தசை இறுகிறது விரலுக்குத் தெரியும், நடுவில எத்தின விரல் இறங்குது எண்டு பாருங்கோ. தொப்புளிலயும் அதுக்குக் கீழயும் அப்பிடியே பாருங்கோ. ரெண்டு விரலுக்கு மேல போனா விலகல் இருக்கு. எத்தின விரல் எண்டதை விட, அடியில மெத்தை மாதிரிப் பொதுக்கெண்டு போகுதா, பிடிப்பா நிக்குதா எண்டதுதான் முக்கியம்.

இனி பயிற்சி. பாக்க ஒண்டும் இல்லாத மாதிரி இருக்கும், ஏமாந்து போகாதீங்கோ. அதே மாதிரிப் படுத்து, மூக்கால மூச்சை இழுத்து, சுடு தேத்தண்ணிய ஊதுற மாதிரி மெதுவா வெளிய விடேக்க தொப்புளை முதுகுப்பக்கம் உள்ளுக்கு இழுங்கோ, கூடவே மூத்திரத்தை அடக்கிற மாதிரிக் கீழயும் இறுக்குங்கோ, மூச்சு விட்டு முடியிற மட்டும் பிடிச்சிட்டு விடுங்கோ. பத்துத் தரம், காலமை ஒருக்கா இரவு ஒருக்கா. ரெண்டு கிழமை இது மட்டும். பிறகு அதே மூச்சோட ஒரு குதிக்காலை பாயில உரஞ்சி உரஞ்சி நீட்டி மடக்கிறது, பிறகு இடுப்பை மட்டும் மேல தூக்கி இறக்கிறது. எதைச் செய்யேக்கையும் தோணி எழும்பினா அது இன்னும் உங்களுக்கு இல்ல எண்டு விட்டிட்டுப் பழையதுக்குப் போங்கோ. முழங்கையை ஊண்டி உடம்பைப் பலகை மாதிரிப் பிடிக்கிற பிளாங்க், சிட்அப் எல்லாம் கன நாளுக்குப் பிறகு.

இதை விட முக்கியம், நாள் முழுக்கச் செய்யுற வேலை. நீங்க பிள்ளையத் தூக்கிறது ஒரு நாளைக்கு எத்தின தரம்? தண்ணி வாளி, காஸ் சிலிண்டர்? தூக்கேக்க மூச்சைப் பிடிக்காம வெளிய விட்டுக்கொண்டு தூக்குங்கோ. படுக்கையால நேர எழும்பாம ஒரு பக்கம் சரிஞ்சு கையை ஊண்டி எழும்புங்கோ. எனக்கு இது ரெண்டிலதான் கூட வித்தியாசம் தெரிஞ்சது.

மாமியோட சண்டைக்குப் போக வேண்டாம். கட்டுறது முதல் கொஞ்ச நாளைக்கு முதுகுக்கு ஆதரவா இருக்கும், ஆனா துணி தசையைச் சேர்க்காது, கொழுப்பையும் கரைக்காது, மூச்சு முட்டக் கட்டினா அமத்தம் கீழ போய் இருமேக்க தும்மேக்க மூத்திரம் சிந்தவும் கூடும். அப்ப கட்டாததால வந்தது எண்டு இல்ல.

சாப்பாடு. இரவுச் சாப்பாட்டை விடாதீங்கோ, பால் குடுக்கிற உடம்பு, பிறகு பத்து மணிக்கு பிஸ்கட் டின்னைத் திறப்பீங்க. எங்கட பத்தியத்தில பிழை இல்ல, பால்சுறாவும் முருங்கை இலையும் வேர்க்கொம்பு மிளகு போட்ட சரக்குக் கறியும் நல்ல சாப்பாடுதான், பிழை என்னெண்டா துடக்குக் கழிஞ்சு ஒரு வருசம் போயும் ரெண்டு பேருக்குச் சாப்பிடு எண்டு போடுறது. மற்றது பிள்ளையிட மிச்சம், ரெண்டு வாய் இடியப்பம், அரைத் திரிபோஷா உருண்டை, அது எங்கட கணக்கில வராது ஆனா வயித்துக்க போகுது. தேத்தண்ணியப் பாருங்கோ, அஞ்சு கப், கப்புக்கு ரெண்டு கரண்டி சீனி எண்டா கிட்டத்தட்ட 40 கிராம், 160 கலோரி. அதைப் பாதியாக்கினாலே போதும். சோத்தை ஒரு அகப்பை குறைச்சு அந்த இடத்தில சூடை மீனோ சாளையோ பருப்போ கீரையோ போடுங்கோ, எங்கட ஊரில மீனுக்கா பஞ்சம். இதுக்கு மேல பட்டினி வேண்டாம், கிழமைக்கு அரைக் கிலோவை விடக் கெதியா இறக்கப் பாக்காதீங்கோ.

அந்தத் தேயிலைய வாங்காதீங்கோ. இப்பிடியானதில கன இடத்தில நிலாவாரை இருக்கும், வயித்தால போகும், தண்ணி இறங்கும், தராசு ஒரு கிலோ குறையக் காட்டும், அடுத்த நாள் பழையபடி. பால் குடுக்கேக்க என்னத்துக்கு.

நடக்கிறதெண்டா எட்டு மணிக்குப் பிறகு எங்கட வெயிலில ஏலாது, பின்னேரம் அஞ்சரைக்குப் பிறகு போங்கோ. நான் கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் மட்டும் அந்த ஏத்தத்தில நடப்பன், வழியில மான் வந்து பையை முகர்ந்து பாக்கும், வாழைப்பழம் கொண்டு போனா பத்திரம்.

மூண்டு மாசத்துக்கு முதல் கண்ணாடியில ஒண்டும் தெரியாது, அதால தொப்புளுக்கு நேர நூல் பிடிச்சு மாசத்துக்கு ஒருக்கா அளவுங்கோ. தோல் தொய்வும் கோடுகளும் முழுசாப் போகாது, என்டது போகேல்ல. தொப்புளடியில உருண்டையாத் தள்ளினா, நோ இருந்தா, மூத்திரம் சிந்தினா, நாலு விரலுக்கு மேல இறங்கினா, கிளினிக்கில சொல்லி பிசியோதெரபிக்குத் துண்டு எழுதி வாங்குங்கோ. சும்மாவே சரியான களைப்பு, முடி கொட்டுது எண்டா தைரொயிட்டும் ஒருக்காப் பாருங்கோ. சீசர் செய்த ஆக்கள் இதை வாசிச்சா, காயம் ஆறி டொக்டர் ஓம் எண்ட பிறகுதான் தொடங்கிறது.

இண்டைக்குப் பிள்ளை நித்திரையானதும் படுத்துப் பாத்திட்டு எத்தின விரல், தொப்புளுக்கு மேலயா கீழயா எண்டு எழுதுங்கோ, அதைப் பாத்து அடுத்த பயிற்சியச் சொல்லுறன்.