பழைய டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் சூடாகிறதா என்று தெரிந்துகொள்ள டேஷ்போர்டில் தனியாக ஒரு லைட் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஹீட்டர் பிளக் என்பது குளிர்ந்த டீசல் இன்ஜின் எளிதாக ஸ்டார்ட் ஆக அதன் உள்ளே சூடேற்றும் பிளக். இந்த மாதிரிப் பழைய வண்டிக்குக் கட்டாயம் போட வேண்டும் என்றுகூடச் சொல்வேன். உங்களுடையது 12 வோல்ட் டீசல் பிக்கப், காலையில் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் டேஷ்போர்டில் இருக்கும் சுருள் படம் போட்ட மஞ்சள் லைட் மட்டும் ஒழுங்காக எரிந்து அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மஞ்சள் லைட்டை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அது டைமரோடு சேர்ந்தது. சாவியைத் திருப்பினால் எரியும், டைமர் முடிந்ததும் அணையும். ரிலே (பிளக்குகளுக்குப் பெரிய கரன்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) பிடித்ததா, பிளக்குக்குக் கரன்ட் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. ரிலே செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு எரிந்து அணையும். அதனால் நீங்கள் புதிதாகப் போடும் லைட்டுக்கு ஒயரை ரிலேயின் அவுட்புட்டில் இருந்து, அதாவது பிளக்குகளுக்குப் போகும் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் இடத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

பெங்களூரு கலாசிப்பாளையம் பக்கம் வண்டி எலக்ட்ரிகல் வேலைதான் என் பிழைப்பு. பெங்களூரு குளிர் இந்தக் கோளாறை மறைத்துவிடும் என்பதை அடிக்கடி பார்க்கிறேன். மார்கழி, தை விடியற்காலையில்கூட இங்கே பெரும்பாலும் 15, 16 டிகிரிதான். நாலு பிளக்கில் ரெண்டு போயிருந்தாலும் கொஞ்சம் கூடுதலாக செல்ஃப் அடித்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் பேட்டரிதான் வீக் என்று நினைத்துப் புது பேட்டரி வாங்குவார். லோடு ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போய் ராத்திரி அங்கே நிறுத்தும்போதுதான் உண்மை வெளியே வரும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் ஒரு சோதனை. ரிலேயில் ரெண்டு தடித்த போல்ட் இருக்கும். சாவி ஆஃப் நிலையில் டெஸ்ட் லேம்பின் (கிளிப்பும் கூர்முனையும் உள்ள சோதனை பல்பு) கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையை ஒவ்வொரு போல்ட்டிலும் வையுங்கள். எரிகிற பக்கம் பேட்டரியில் இருந்து வருவது. எரியாமல் இருந்து, சாவியை ஹீட்டுக்குத் திருப்பியதும் எரிகிற பக்கம்தான் நமக்கு வேண்டியது. அதைக் குறித்துக்கொண்ட பிறகு நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அந்த போல்ட்டில் ஒரு லக் (ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் வளையம்) வைத்து, 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரை டேஷ்போர்டு வரை கொண்டுபோங்கள். லக்கை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுவதை விட்டுவிடாதீர்கள். நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் லைன் அது. அங்கிருந்து ஃபியூஸ் இல்லாமல் மெல்லிய ஒயரை இழுத்து, அது எங்காவது உரசி பாடியில் பட்டால் ஒயர் முழுக்கப் பற்றிக்கொள்ளும். கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் வேண்டும். டேஷ்போர்டில் பல்பின் ஒரு முனைக்கு இந்த ஒயர், மறுமுனைக்கு நல்ல எர்த். அவ்வளவுதான் வயரிங்.

எல்இடி போடுவதா, பழைய குண்டு பல்பா? என் ஓட்டு 2 வாட் குண்டு பல்புக்குத்தான். ரிலேயின் உள்ளே தொட்டுக்கொள்ளும் பாயின்ட் கருகிப்போய் வோல்டேஜ் 11க்குப் பதில் 9 என்று வந்தால் குண்டு பல்பு நன்றாக மங்கும், கண்ணுக்குத் தெரியும். எல்இடியில் அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம். எல்இடிதான் வேண்டும் என்றால் 1 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். 24 வோல்ட் வண்டியாக இருந்தால் 2.2 கிலோ ஓம், அரை வாட். எல்லாமே எஸ்.பி. ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகும் இந்த லைட் கொஞ்ச நேரம் எரிந்தால் உடனே பதற வேண்டாம். புகையைக் குறைக்க, ஸ்டார்ட் ஆன பிறகும் பிளக்கைச் சூடாகவே வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. ஆனால் சாவியை உருவிய பிறகும் லைட் எரிந்தால் ரிலேயின் பாயின்ட் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஓசூரில் இருந்து காய்கறி கொண்டுவரும் ஒரு டிரைவர், "அண்ணே, ராத்திரி நிறுத்தினா காலையில பேட்டரி சுத்தமா இறங்கிடுது" என்று வந்தார். ரிலேயைப் பிரித்தால் ரெண்டு பாயின்ட்டும் உருகி ஒரே கட்டியாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றினால் ஒன்றின் முனை உப்பி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் இருந்து வெளியே வர மறுத்தது. அதை உடையாமல் எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. முனை உடைந்து உள்ளே விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். சாவியை எடுத்ததும் இப்படி ஒரு லைட் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே நெகட்டிவைக் கழற்றியிருப்பார்.

இந்த லைட்டால் முடியாத ஒன்றும் இருக்கிறது. பிளக்குகள் எல்லாம் இணையாக இருப்பதால் மூன்று எரிந்துபோய் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தாலும் லைட் பளிச்சென்றுதான் எரியும். லைட் நன்றாக எரிந்தும் புகையும் இழுவையும் தொடர்ந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக்குகளைச் சேர்க்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் முனையை வையுங்கள். லேம்ப் எரியாத பிளக் போய்விட்டது. பட்டையைக் கழற்றாமல் பார்த்தால் நல்ல பிளக் வழியாகக் கரன்ட் போய், கெட்டதும் நல்லது மாதிரியே தெரியும். உங்கள் வண்டியில் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான், லைட் அதற்கு அப்புறம்.

காமன் ரெயில் வண்டி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் புதிய வகை) வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவற்றில் பலவற்றில் பிளக்குக்குத் துடிப்பு துடிப்பாகக் குறைந்த வோல்டேஜ்தான் போகும், ஒவ்வொரு பிளக்கையும் கன்ட்ரோல் யூனிட் கவனித்துக்கொள்ளும். ஸ்கேனர் போட்டாலே எந்த பிளக் என்று சொல்லிவிடும்.

இன்னொன்று. பிளக் சரியாகும் வரை சமாளிக்கலாம் என்று யாராவது ஸ்டார்ட்டிங் ஸ்பிரே (இன்ஜின் உறிஞ்சும் காற்றில் அடிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்பிரே) கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரே ஒரு பிளக் 800 டிகிரியைத் தாண்டிச் சிவந்திருந்தாலும் ஸ்பிரே நேரம் தவறி வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடும்.