டெல்டாவில் திராட்சை: கன்று பிழைக்க என்ன செய்யணும்? (கேள்வி பதில்)

திருவையாறு பக்கம் காவிரிப் படுகையில் நாற்பது சென்ட் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். முதல் நடவில் பாதிக்கு மேல் செத்துப்போனது. இரண்டாவது நடவுதான் பந்தல் ஏறியது. கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய்க் கற்றதையும், இங்கே நட்டுக் கெட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்டவர் ஊரும் கேள்வியும் முதலில், என் பதில் அதன் கீழே.

நீடாமங்கலம்: அண்ணே, எங்க வயல் களிமண். கால் ஏக்கர்ல திராட்சை போடலாமா? ஊர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

சிரிப்பவர்களை விடுங்கள் தம்பி, முதலில் ஒரு குழி வெட்டுங்கள். இரண்டடி ஆழம் போதும். தண்ணீர் நிறைத்து ஒருமுறை வடியவிட்டு, சாயங்காலம் மறுபடி நிறைத்துவிட்டு, விடிந்ததும் போய்ப் பாருங்கள். என் படுகை மண்ணில் மாடு கறந்து முடிப்பதற்குள் குழி காய்ந்துவிட்டது. என் மாமனார் ஊர்க் களிமண்ணில் மறுநாள் மத்தியானமும் தண்ணீர் அப்படியே நின்றது, அதில் ஒரு தவளை வேறு.

தண்ணீர் நிற்கும் மண்ணில் தரைமட்டத்தில் நடவே கூடாது. நெல் தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்கிக்கொள்ளும். திராட்சை வேருக்கு அது முடியாது. தொடர்ந்து தண்ணீர் கட்டிக்கொண்டால் இளங்கன்றின் வேர் கறுத்துவிடும். மேலே இலை வாடும். வாட்டத்தைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் விடுவோம். வடியும் மண்ணிலும் ஐப்பசி அடைமழையில் என் முதல் நடவு செத்தது இப்படித்தான்.

உங்கள் வயலில் இரண்டடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, பாத்திக்கு நடுவே வடிகால் எடுக்க முடியுமா பாருங்கள். வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: கார்த்திகையில் ஊர் வாய்க்கால் முட்ட நிரம்பும்போதும் உங்கள் வடிகால் அதற்கு மேலே இருக்கணும், இல்லையென்றால் தண்ணீர் எதிர்த்து ஏறும். திராட்சைக்கு ஒரு மீட்டராவது ஆழமான, வடிகால் உள்ள மண் வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதை உருவாக்க முடியாத வயலில் நெல்லே இருக்கட்டும். திராட்சையைத் திடலில் பத்துக் கன்றோடு தொடங்குங்கள்.

சுவாமிமலை: பழைய கொடிக்கால் இடம், நல்ல மண். உடனே நடலாமா?

மண் நல்ல மண்தான் ஐயா, ஆனால் வெற்றிலையையும் வாழையையும் பிடிக்கும் வேர்முடிச்சு நூற்புழு திராட்சையையும் பிடிக்கும். ஒரு சோதனை சொல்கிறேன். நாலைந்து இடத்து மண்ணைச் சட்டியில் நிரப்பித் தக்காளி நாற்று நடுங்கள். ஒன்றரை மாதம் கழித்துப் பிடுங்கி வேரைக் கழுவினால், மணி கோத்தது போல முடிச்சு இருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். இருந்தால் ஒரு போகம் சம்பா நட்டுத் தண்ணீர் கட்டுங்கள், அல்லது கேந்திப் பூச்செடி (செண்டுமல்லி) போடுங்கள். இரண்டுமே நூற்புழுவைக் குறைக்கும். கன்றும் வெறும் குச்சியாக வேண்டாம். நூற்புழுவைத் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியதாக வாங்குங்கள். விலை கூடத்தான், வேரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரத்தநாடு: ரகம் எது, எந்த மாசம் நடணும்?

பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் திராட்சையும் இதுதான். விதையில்லாத பச்சைத் திராட்சை வறண்ட காற்றைக் கேட்கும் ரகம், நம் ஈரக்காற்றில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர்.

ஜூன், ஜூலையில் நடச் சொல்வார்கள். நானும் ஆடியில் நட்டேன். ஐப்பசி அடைமழை வரும்போது கன்றுக்கு மூன்று மாதம்தான், தாங்கவில்லை. இப்போது நான் தை பிறந்த பிறகே நடுகிறேன். கோடை முழுக்கச் சொட்டுநீரில் வேர் இறங்கி, தண்டு பழுப்பேறிய பிறகு மழையைச் சந்திக்கிறது. உங்கள் செம்மண்ணுக்கு வடிகால் கவலை குறைவு, கோடைத் தண்ணீருக்கு வழி செய்துகொண்டு தையிலேயே நடுங்கள்.

வலங்கைமான்: அண்ணா, அஞ்சு மாசக் கன்னு, சுத்தியும் நெல் வயல். திடீர்னு கொழுந்தெல்லாம் விசிறி மாதிரி சுருங்கி, நரம்பு நெருக்கமா வருது. வைரஸ்னு மருந்துக்கடையில சொல்றாங்க. பிடுங்கிடவா?

பிடுங்காதீர்கள் அம்மா! சுற்றிலும் நெல் வயல் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நெல் நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் யாராவது களைக்கொல்லி அடித்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற 2,4-டி நெல்லை ஒன்றும் செய்யாது. திராட்சைக்கு அதைப்போல எதிரி இல்லை, காற்றில் வரும் சாரலே போதும்.

என் பந்தலில் இது நடந்தபோது வயலைப் பார்த்த வரிசையில் மட்டும் கொழுந்து சுருங்கியிருந்தது. இலை அகலம் குறைந்து, ஓரப் பல்லெல்லாம் கூராகி, நரம்புகள் விரல்களைச் சேர்த்துப் பிடித்த மாதிரி ஒட்டிக்கிடந்தன. உள்வரிசைகள் பளிச்சென்று இருந்தன. எல்லாச் செடியிலும் ஒரே நாளில், ஒரே பக்கமாக வந்தால் அது பெரும்பாலும் சாரல்தான். சுருங்கிய இலை திரும்ப விரியாது. லேசாகப் பட்டிருந்தால் சில வாரத்தில் வரும் புதுக்கொழுந்து சரியாக வரும். அதுவரை உரம் கொட்டாமல் அளவாகத் தண்ணீர் மட்டும் விடுங்கள்.

பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவருக்கு இது தெரிந்திருக்காது. அழைத்து வந்து இலையைக் காட்டுங்கள். காற்று உங்கள் பக்கம் வீசாத நேரம் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். எனக்கு அது பலித்தது. இன்னொன்று, களைக்கொல்லி அடித்த விசைத்தெளிப்பானை எத்தனை முறை கழுவினாலும் திராட்சைக்கு எடுக்காதீர்கள். தனியாக ஒன்று வேண்டும்.

பாபநாசம்: மழையில் இலை மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுது. அடிச்சாம்பலா, வேறயா?

சந்தேகமான இலையை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இரவு வைத்துவிடுங்கள். காலையில் புள்ளிக்கு நேர் கீழே, இலையின் அடிப்பக்கம் பஞ்சு போல வெள்ளையாகப் பூத்திருந்தால் அடிச்சாம்பல்தான். மேல்பக்கம் சாம்பல் தூவியது போல இருந்தால் அது வேறு நோய், பனிக்காலத்தில் வரும், அதற்குக் கந்தகம்.

அடிச்சாம்பலுக்கு என் கை மருந்து போர்டோ கலவை. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்கணும். இல்லையென்றால் இலை கருகும். இளங்கன்றுக்கு நான் துத்தத்தையும் சுண்ணாம்பையும் பாதியாக்கிக்கொள்வேன். கலந்த அன்றே அடித்து முடியுங்கள், இலையின் அடிப்பக்கம் நனையட்டும். மழை விட்ட இடைவெளியில், நோய் வருமுன் அடித்தால்தான் பலன்.

தலைஞாயிறு: போர்வெல் தண்ணிதான் விடுறோம். இலை ஓரம் மட்டும் தீய்ஞ்ச மாதிரி ஆகுது.

கடலோரம், போர்வெல் தண்ணீர். உப்பாகத்தான் இருக்கும். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணின் உப்பு அளவு (அறிக்கையில் EC என்று இருக்கும்) 1 dS/m-க்கு மேல் போகக் கூடாது. நல்ல தண்ணீருக்கு வழியில்லாமல் கன்றை வாங்கிவிடாதீர்கள்.

திருக்காட்டுப்பள்ளி: பச்சைச் சாணம் போடலாமா?

வேண்டாம், கரையான் வரும். நன்றாக மக்கியது மட்டும்.

பட்டுக்கோட்டை: கிளை நிறைய விட்டு அடர்த்தியா வளருது, சந்தோஷமா இருக்கு. எப்போ காய்க்கும் அண்ணே?

சந்தோஷத்தைக் கெடுக்கிறேன், மன்னியுங்கள். கத்தரியை எடுங்கள். பந்தல் தொடும்வரை ஒரே தண்டு, பக்கத்தில் வரும் கிளையெல்லாம் கிள்ளணும். மூங்கில் குச்சி நட்டுச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள். பந்தலை எட்டும்போது நுனியைக் கிள்ளி, எதிரெதிராக இரண்டு கிளையைக் கைபோலப் படரவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ஊர் உங்களுடையது, ஓரத்துக் கல்தூண்களுக்கு வெளிப்பக்கம் இழுகம்பி கட்டாமல் விடாதீர்கள்.

நம் வெயிலில் திராட்சை குளிர் நாட்டில் போல இலை உதிர்த்துத் தானாக உறங்காது, கவாத்துச் செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால்தான் காய்க்கும். மார்கழிக் கடைசியிலோ தையிலோ வெட்டினால் சித்திரை, வைகாசியில் பழம், மழைக்கு அகப்படாது. பந்தல் நிறைய ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும். அதற்கு முன்னால் எட்டிப்பார்க்கும் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். எனக்கும் கை வராது, மனைவிதான் கிள்ளிப் போடுவாள்.