பிள்ளைகள் யாரிடம் வளர்வது?

வணக்கம். எங்களுக்கு ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். நானும் கணவரும் உயில் எழுத உட்கார்ந்தோம். சொத்து விஷயம் சீக்கிரம் முடிந்தது. எங்கள் இருவருக்குமே ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதில் பேச்சு நின்றுவிட்டது. கணவரின் அண்ணன் வசதியானவர், மூத்தவர். அவரை விட்டுவிட்டால் குடும்பமே பேசும். பிள்ளைகள் ஒட்டிக்கொள்வது என் தங்கையிடம். அவளுக்குச் சம்பளம் குறைவு. யார் பெயரையும் எழுதாமல் விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விடாதீர்கள். விட்டால் 1890ஆம் வருடச் சட்டப்படி யாராவது மனுப்போட்டு, கோர்ட்தான் கார்டியனை முடிவு செய்யும். நீதிபதி பிள்ளைகளின் நலனைப் பார்ப்பார். விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். இறந்த பெற்றோரின் விருப்பத்தையும் கவனிக்கும்படி அந்தச் சட்டமே சொல்கிறது. அதை நீங்கள் எழுதி வைத்தால்தானே அவர் கவனிக்க முடியும்?

தங்கை பெயரை எழுதுங்கள். மூத்தவருக்குச் செய்யும் மரியாதையைப் பிள்ளைகளை வைத்துச் செய்யக் கூடாது. காய்ச்சல் வந்தால் உங்கள் மகன் யார் மடியைத் தேடுவான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

சம்பளம் பற்றிய கவலைக்கு வழி இருக்கிறது. நீங்கள் இந்துக்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சட்டம் மாறும். 1956ஆம் வருட இந்து மைனர், கார்டியன் சட்டப்படி பிள்ளையை வளர்க்க ஒருவரையும் பிள்ளையின் சொத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரையும் உயிலில் நியமிக்கலாம். பிரிக்காத குடும்பச் சொத்தில் உள்ள பங்கு மட்டும் இதில் வராது. பணம் காசில் அண்ணன் கெட்டிக்காரர் என்றால் சொத்துக்கு அவரைப் போடுங்கள். மைனரின் வீட்டையோ நிலத்தையோ கோர்ட் அனுமதி வாங்காமல் அவர் விற்க முடியாது. ஆனால் ஸ்கூல் ஃபீஸுக்குத் தங்கை ஒவ்வொரு தடவையும் அவர் வாசலில் போய் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. மாதச் செலவுக்கு எவ்வளவு, எந்தப் பணத்திலிருந்து என்பதையும் உயிலிலேயே எழுதிவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கணவர் மட்டும் எழுதினால் போதாது. அவருக்குப் பின் நீங்கள் இருக்கும்வரை அவர் செய்த நியமனம் செல்லாது. நீங்கள் யாரையும் நியமிக்காமல் இறந்தால்தான் அதற்கு மறுபடி உயிர் வரும். நீங்கள் வேறு பெயர் எழுதியிருந்தால் உங்களுடையதுதான் நிற்கும். அதனால் இருவரும் தனித்தனி உயிலில் ஒரே பெயர்களை எழுதுங்கள். தங்கையால் முடியாமல் போனால் யார் என்று இரண்டாவது பெயரும் இருக்கட்டும். ஒவ்வொரு உயிலிலும் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. (இன்ஷூரன்ஸில் போட்ட நாமினியை கார்டியன் என்று நினைத்துவிடாதீர்கள்.)

தங்கையிடம் முதலில் கேளுங்கள். அவள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். அண்ணனிடம் விஷயத்தை உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் இப்போதே. நீங்கள் சொன்னால், பிறந்த வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்றுதான் அவர் காதில் விழும்.