பல்லுக்கு உத்தரவாதம் உண்டு, முரசுக்கு?

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊரில் உள்ள அப்பா அம்மாவுக்குப் பல் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள் போல. இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் இம்பிளான்ட் பற்றியவை, அதாவது தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல் பற்றியவை.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சீனி வருத்தம் உண்டு. இரண்டு இம்பிளான்ட் வைக்கிறோம். கிளினிக்கில் ‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்று அட்டை தருகிறார்கள். நம்பலாமா? – கோண்டாவில்

பதில்: அட்டையின் பின்பக்கத்தை வாசித்தீர்களா? இப்படிப்பட்ட அட்டைகள் பெரும்பாலும் உலோகத்துக்குத்தான் பொறுப்பெடுக்கும். திருகாணி முறிந்தால் புதுத் திருகாணி, அவ்வளவுதான். ஆனால் திருகாணி முறிவது அபூர்வம். கெடுவது அதைச் சுற்றியுள்ள முரசும் (ஈறும்) எலும்பும்.

திருகாணி செய்யும் டைட்டேனியம் உலோகம் எலும்போடு ஒட்டிப்பிடிக்கும் என்பதை 1950களில் முயல் எலும்பில் கண்டவர் சுவீடன்காரர் பிரோனமார்க். 1965இல் அவர் இம்பிளான்ட் வைத்த முதல் நோயாளி, 2006இல் இறக்கும்வரை அதோடுதான் சாப்பிட்டார். ஆகவே உலோகத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முரசின் கதை வேறு. வேலியில் நட்ட கிளுவைக் கதிகால் வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும். சொந்தப் பல்லும் அப்படித்தான், முரசின் நார்கள் அதன் வேரிலேயே இறங்கிப் பிடித்திருக்கும். இம்பிளான்டைச் சுற்றிய முரசோ சீமெந்துத் தூணைச் சுற்றிய மண் மாதிரி, அணைத்து நிற்கும், உள்ளே இறங்காது. இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. கிருமி இறங்க அது போதும்.

முதலில் முரசு வீங்கும், தொட்டால் இரத்தம் வரும். அப்போதே சுத்தம் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். விட்டால் எலும்பு கரையும், கரைந்ததை முழுதாக மீட்பது கடினம். எலும்பு நன்றாக ஒட்டட்டும் என்று இப்போது திருகாணியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியே செய்கிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் எலும்பு கரைந்து அந்தச் சொரசொரப்பு வெளியே தெரிந்தால் கிருமிக்கும் அதுவே வசதி, சுத்தம் செய்வதும் பெரும்பாடு.

இது எனக்கு வாசித்துத் தெரிந்தது மட்டுமில்லை. என் கீழ்க் கடைவாய் இம்பிளான்டில் திருகாணிமேல் செயற்கைப் பல்லை ஒட்டிய பசையில் ஒரு துணுக்கு முரசுக்கடியில் தங்கிவிட்டது. எட்டு மாதம் நாற்றமும் கசிவும். எடுத்தவர் வேறொரு டொக்டர், காசு என்னுடையது. என்னிடமும் ஆயுட்கால அட்டை இருந்தது!

அப்பாவின் சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் அதுமட்டும் தடையில்லை. முன்பு அவருக்கு முரசு நோய் இருந்து பல் ஆடி விழுந்ததா என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஆபத்துகளில் அது பெரியது. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, அதாவது கம்பனி, அளவு, தொகுதி இலக்கம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். திருகாணிமேல் பல் பொருத்திய அன்றே எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியையும் வாங்குங்கள், பின்னால் எலும்பு இறங்கியதா என்று ஒப்பிட அதுதான் சாட்சி. வருடாந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் இடத்தில் காசு கட்ட வேண்டாம்.

கேள்வி: இம்பிளான்டைச் சுற்றி ஒரு வருடமாக இரத்தம் வருகிறது. நோவு இல்லாததால் விட்டுவிட்டேன். சரிதானே? – மானிப்பாய்

பதில்: சரியில்லை. நாளைக்கே போங்கள்.

கேள்வி: கரைந்த முரசை 21 நாளில் வளர்க்கும் ஜெல் என்று முகநூலில் பார்த்து 4,500 ரூபாவுக்கு வாங்கினேன். பலன் இல்லை. ‘இரண்டாவது போத்தலும் பூச வேண்டும்’ என்றார்கள், அதையும் வாங்கினேன். இப்போது மூன்றாவது... – சுன்னாகம்

பதில்: தம்பி, முதல் போத்தலுக்காக உங்கள்மேல் பரிதாபப்படுகிறேன். இரண்டாவதுக்கு என்னிடம் பரிதாபம் மீதி இல்லை. 2023இல் ஐரோப்பிய முரசு மருத்துவக் கூட்டமைப்பு இம்பிளான்டைச் சுற்றிய நோய்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் அடிப்படை, படிந்த அழுக்கைக் கருவியால் சுரண்டி எடுப்பதுதான். கரைந்ததை வளர்க்கும் ஜெல் கடையில் இருந்தால் பல் டொக்டர்கள் வரிசையில் நிற்பார்கள்.

கேள்வி: இம்பிளான்டுக்கு 80,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். பற்றுச்சீட்டுத் தரவில்லை. இப்போது அந்த இடம் பூட்டிக் கிடக்கிறது. மகளுக்குச் சொல்லப் பயமாக இருக்கிறது. – சாவகச்சேரி

பதில்: அம்மா, பயப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை, பூட்டிவிட்டுப் போனவர். முதலில் மகளுக்குச் சொல்லுங்கள். வங்கியால் அனுப்பியிருந்தால் அந்தச் சிட்டை, கைபேசியில் வந்த செய்திகள், அழைப்பு விவரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் எடுங்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், நாள் கடத்த வேண்டாம். அவர் பதிவுள்ள பல் வைத்தியர்தானா என்று இலங்கை மருத்துவ சபையில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

கேள்வி: இம்பிளான்டுக்கு டைட்டேனியமா, வெள்ளைப் பீங்கான் வகையான சிர்கோனியாவா? – பருத்தித்துறை

பதில்: முன்பல், முரசும் மெல்லியது என்றால் சிர்கோனியாவின் வெள்ளை உதவும். மற்றபடி நீண்டகால அனுபவம் டைட்டேனியத்துக்குத்தான் அதிகம்.

கேள்வி: இம்பிளான்டைக் கழுவத் தண்ணீர் பீச்சும் மெஷின் வாங்கலாமா? – திருநெல்வேலி

பதில்: நான் வாங்கினேன். 27 நாள் வேலை செய்தது. இப்போது பல்லிடுக்குத் துலக்கும் சின்னப் பிரஷ்தான், உள்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டது. மெஷின் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பெட்டியோடு தருகிறேன்.