மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே வீடு கைமாறினால்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய அலுவலகம் நடத்திவரும் இளம் வழக்கறிஞர் நான். தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற ஒருவர், ஊழியர் சேமநிதிப் பணத்தில் முன்பணம் கட்டி 1998-இல் இங்கே ஒரு தெரஸ் வீடு வாங்கினார். வயதின் காரணமாக வங்கி அவருக்குக் கடன் தர மறுத்ததால், வீடும் கடனும் மகன் பெயரில் பதிவாயின. தவணைகளைத் தந்தையும் மகளும் கட்டி முடித்தார்கள். தாய் முன்பே காலமாகிவிட்டார்; தந்தையும் இப்போது இல்லை; பிள்ளைகள் இருவர்தாம். கிள்ளானில் குடியேறிவிட்ட மகன், வீட்டைக் காலி செய்யும்படி 30 மாதங்களுக்கு முன் தமக்கை மீது வழக்குத் தொடுத்தார். தந்தையின் சொத்துக்கு நிர்வாக உரிமைப் பத்திரம் பெற்றிருந்த தமக்கை (என் கட்சிக்காரர்), வீடு தந்தைக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டது என்று எதிர்வழக்காடினார். உயர்நீதிமன்றம் மகனை நம்பியது. 60 நாளில் காலி செய்ய வேண்டும். வழக்குத் தொடுத்த நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரை மாதம் 900 ரிங்கிட் கொடுக்க வேண்டும். நீதிபதி என் கட்சிக்காரரைப் பேசவே விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் பாதியை விழுங்கிவிட்டார். தந்தையின் ஈமச்சடங்குக்குக்கூட வராத மகனை நீதிமன்றம் உத்தமர் என்கிறது. வீட்டு வாசலில் இப்போது ஏஜெண்டின் விற்பனைப் பலகை தொங்குகிறது. தீர்ப்பு வந்து 19 நாள் ஆகிறது. எழுத்துபூர்வமான காரணங்கள் கைக்கு வந்ததும் மேல்முறையீடு செய்யலாம் என்றிருக்கிறேன். வீட்டின் மதிப்பு 310,000 ரிங்கிட். இந்த அநீதியைப் புத்ராஜெயாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எப்படி எடுத்துரைப்பது?

பதில்: எழுத்துபூர்வமான காரணங்களுக்காகக் காத்திருப்பதை இன்றே நிறுத்துங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கான 30 நாள், தீர்ப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது. நீதிபதி காரணங்களை எழுதி முடிக்கும் நாள் அந்தக் கணக்கில் வராது. மேல்முறையீட்டு அறிவிப்பை முதலில் பதிவு செய்யுங்கள். தீர்ப்பு ஏன் தவறு என்று வரிசைப்படுத்தும் காரண மனுவையும் ஆவணத் தொகுப்பையும் பிறகு கவனிக்கலாம். வீட்டின் மதிப்பு 250,000 ரிங்கிட்டைத் தாண்டுவதால், நீதிமன்றங்கள் சட்டம் 1964-இன் 68-ஆம் பிரிவின்படி முன்அனுமதி பெறும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

நீங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கிவைக்கிறேன். ஈமச்சடங்குக்கு வராத மகனும் சட்டப்படி வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்க முடியும். நீதிபதி குறுக்கிட்டார், மொழிபெயர்ப்பாளர் விழுங்கினார் என்ற குறைகளை விசாரணையின்போதே எழுந்து சொல்லி, அது பதிவில் ஏறியிருந்தால் மட்டுமே அவற்றுக்கு உயிருண்டு. பதிவில் இல்லாத ஒன்றை மூன்று நீதிபதிகள் அமர்ந்த அமர்வின்முன் முதன்முறையாகச் சொன்னால், அமர்வு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடும். அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு மேல்முறையீட்டை மறுவிசாரணை என்றுதான் குறிக்கிறது. ஆனால் நடைமுறையில் அது கீழ் நீதிமன்றப் பதிவை மறுபடி வாசிப்பதே. உங்கள் கட்சிக்காரரின் கண்ணீரை அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை, கூண்டில் நின்ற அவர் தம்பியின் தடுமாற்றத்தையும் பார்க்கப் போவதில்லை. இதனால்தான் சாட்சிகளை நேரில் கண்ட நீதிபதி, யாரை நம்புவது என்று எடுத்த முடிவுகளை மேல் நீதிமன்றம் எளிதில் தொடுவதில்லை. 2005-இல் மலாயன் லா ஜர்னலில் வெளிவந்த கான் யூக் சின் வழக்கில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: முடிவு அப்பட்டமாகத் தவறாக இருக்க வேண்டும், அல்லது சாட்சியத்தைப் போதிய நீதிநோக்குடன் எடைபோடாமல் எட்டப்பட்டிருக்க வேண்டும். இருவரில் யாரை நம்புவது என்பதோடு உங்கள் வழக்கு முடிந்துவிடுமானால், நீங்கள் புத்ராஜெயாவுக்குப் புறப்படவே வேண்டாம்.

அதோடு முடியவில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம், உங்கள் கடிதத்தோடு அனுப்பிய சான்றாவணப் பட்டியலில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன ஓர் ஆவணம். 2003-இல் மகன் தம் கையெழுத்திட்டு நகராண்மைக் கழகத்துக்கு மலாயில் எழுதிய கடிதம் அது: வீடு தந்தையுடையது, கடனுக்காகவே தம் பெயரில் இருக்கிறது, ஆகவே மதிப்பீட்டு வரி ரசீதைத் தந்தையின் பெயருக்கு அனுப்புங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார். குறுக்கு விசாரணையில் கையெழுத்தையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். தந்தை பணம் கொடுத்து மகன் பெயரில் வாங்கினால், அது மகனுக்கு அளித்த கொடை என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும்; அந்த அனுமானத்தை உடைக்கும் பாரம் உங்கள் கட்சிக்காரருடையது. மகள் எத்தனை ஆண்டு அங்கே குடியிருந்தார், யார் தந்தைக்குக் கஞ்சி ஊற்றினார் என்பன அதை உடைக்க மாட்டா. தமக்கு எதிராகத் தாமே எழுதிய ஒப்புதல் உடைக்கலாம். நீங்கள் சொல்வதுபோல வாய்மொழித் தீர்ப்பில் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், உங்கள் மேல்முறையீடு அந்த ஒரு தாளில்தான் நிற்கிறது. காரண மனுவில் இருபது காரணங்களை அடுக்கி அதைப் புதைத்துவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியில் புதிதாகக் கிடைத்ததாகச் சொல்லும் தந்தையின் நாட்குறிப்பை மறந்துவிடுங்கள். முயன்றிருந்தால் விசாரணைக்கு முன்பே கிடைத்திருக்கக்கூடிய ஒன்றைப் புதிய சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

இனி உங்களை உண்மையில் வீழ்த்தக்கூடியதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி, வாசலில் தொங்கும் விற்பனைப் பலகையைப் பற்றியது. நீங்களோ அதைத் தம்பியின் மனக்கடினத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதியிருக்கிறீர்கள்.

மேல்முறையீட்டு அறிவிப்புப் பதிவானதும் எல்லாம் அப்படியே நின்றுவிடும் என்று தோட்டப்புறக் கட்சிக்காரர்கள் நம்புகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த நம்பிக்கையை ஊட்டுவதே பல வேளைகளில் வழக்கறிஞர்கள்தாம். நீதிமன்றங்கள் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இதற்கு நேர்மாறு: நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டாலன்றி, மேல்முறையீடு தீர்ப்பின் நிறைவேற்றத்தைத் தடுக்காது. அறிவிப்பை மட்டும் பதிவு செய்துவிட்டு ஆவணத் தொகுப்பைத் தயாரிப்பதில் மூழ்கிக் கிடந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். புத்ராஜெயாவில் அவர்கள் வென்றார்கள். அதற்குள் வீடு விற்கப்பட்டு, கிராண்ட் (நிலப் பட்டா) மூன்றாம் மனிதர் பெயருக்கு மாறி, அவரும் வங்கியில் அடமானம் வைத்துவிட்டிருந்தார். தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைக் காக்கிறது. வென்றவர்களுக்கு எஞ்சியது, பணத்தைச் செலவழித்துவிட்ட உறவினர் மீது ஒரு பணக் கோரிக்கை. அந்தத் தீர்ப்பு அவர்கள் அலமாரியில் இன்னும் இருக்கிறது.

ஆகவே அறிவிப்போடு சேர்த்து நிறைவேற்றத் தடை மனுவையும் தயாரியுங்கள். முதலில் உயர்நீதிமன்றத்தில் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கேளுங்கள். மனு விசாரிக்கப்படும்வரை இடைக்காலத் தடையும் வேண்டுங்கள். சத்தியப்பிரமாணத்தில் ‘எங்கள் மேல்முறையீட்டில் வலுவான வாதங்கள் உள்ளன’ என்று எழுதி நிறுத்துபவர்களே அதிகம். தோற்ற ஒவ்வொருவரும் எழுதும் வாக்கியம் அது, அதற்குத் தனி மதிப்பில்லை. விசேஷச் சூழ்நிலை எது என்பதைக் காட்ட வேண்டும். 2004-இல் வெளிவந்த கோஸ்மா பாம் ஆயில் மில் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதுபோல, தடை இல்லாவிட்டால் மேல்முறையீடு வென்றாலும் பயனற்றுப்போகும் என்பது அத்தகைய சூழ்நிலைகளில் ஒன்று. அதற்கான சான்று உங்கள் கட்சிக்காரரின் வாசலிலேயே தொங்குகிறது. தேதி தெரியும்படி அதைப் படமெடுத்து இணையுங்கள். ஏஜெண்டின் இணைய விளம்பரம் இருந்தால் அதையும் சேருங்கள். போக இடமில்லை என்ற வாதத்தை ஒரு பத்தியில் சொல்லுங்கள். அது மட்டும் போதாது.

இங்கே இன்னொரு குழியும் உண்டு. காலி செய்யும் உத்தரவுக்குத் தடை வாங்கியதும் நிம்மதியடைந்துவிடுகிறோம். அந்தத் தடையோ விற்பனையைத் தடுப்பதில்லை. குடியிருப்பவரோடு சேர்த்தே வீட்டை வாங்கத் துணிபவர்கள், விலை குறைவாக இருந்தால், எங்கும் கிடைப்பார்கள். ஆகவே மேல்முறையீடு முடியும்வரை வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற தனித் தடையையும் மனுவில் கேட்க வேண்டும். நீதிமன்றங்கள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கிராண்டின் மீது இப்போது கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்க நில அலுவலகத்தில் பதியும் ஆட்சேபம்) இருக்கிறதா, தீர்ப்பு அதை நீக்கச் சொல்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருக்கிறது என்றால், அதை நீக்கும் உத்தரவுக்கும் சேர்த்துத் தடை கேளுங்கள். நீதிமன்றம் நீக்கிய கேவியட்டை அதே காரணத்தைச் சொல்லி மறுபடி பதிவதற்கு நில அலுவலகம் இடம்தராது. நியாயமான காரணமின்றிப் பதிந்தவர் இழப்பீடும் கொடுக்க நேரிடும். நாளையே கிராண்டுக்கு ஒரு தேடல் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கட்சிக்காரரிடம் யாரும் போட்டுக்காட்டாத கணக்கு. மாதம் 900 ரிங்கிட் வீதம் 30 மாதத்துக்கு ஏற்கெனவே 27,000 ரிங்கிட் ஏறிவிட்டது. மேல்முறையீடு முடிய இன்னும் 18 மாதம் ஆகி, தடையின் பாதுகாப்பில் அவர் அங்கேயே இருந்து தோற்றால் 43,200 ரிங்கிட். தீர்ப்புத் தொகை மீதான வட்டியும் இரு நீதிமன்றங்களின் செலவுத்தொகையும் அதன்மேல் வரும். முழுவதுமாக வென்றால் என்ன கிடைக்கும்? முழு வீடும் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஒருவேளை நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். வீடு தந்தையுடையது என்று நிரூபிப்பதே உங்கள் எதிர்வழக்கு. உயில் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. உயில் இல்லாவிட்டால் 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி இரு பிள்ளைகளுக்கும் சமபங்கு. நீங்கள் முழுமையாக வென்றாலும், ஈமச்சடங்குக்கு வராத அந்த மகனுக்கு 155,000 ரிங்கிட் போகும். உங்கள் கட்சிக்காரர் போராடுவது மற்ற 155,000-க்குத்தான். தோற்றால் அவர் இழப்பது வீட்டோடு சேர்த்துக் கையிலிருக்கும் ஓய்வூதியச் சேமிப்பையும். இதை அவருக்குத் தமிழில், எண்களை எழுதிக்காட்டி, அவர் பிள்ளைகளில் ஒருவர் அருகில் இருக்கும்போது விளக்குங்கள். தோற்றால் கூட்டரசு நீதிமன்றம் இருக்கிறது என்ற ஆறுதலையும் கொடுக்காதீர்கள். நீதிமன்றங்கள் சட்டத்தின் 96-ஆம் பிரிவில் அங்கே போகத் தேவைப்படும் முன்அனுமதி, பொதுநலன் சார்ந்த புதிய சட்டக் கேள்விகளுக்கானது. ஒரு குடும்பத்தில் யார் சொன்னது உண்மை என்பதற்கு அது கிடைப்பதில்லை.

ஆகவே என் ஆலோசனை சமரசம்; அதுவும் மேல்முறையீட்டு அறிவிப்பும் தடை மனுவும் பதிவான மறுவாரமே. உங்கள் கை ஓங்கியிருக்கப்போகும் ஒரே காலம் அதுதான். தடை கிடைத்தால் தம்பியால் விற்க முடியாது. 2003 கடிதத்தைப் பார்த்த அவருடைய வழக்கறிஞர் உறுதியாக வெல்வோம் என்று சொல்லத் தயங்குவார். தடை மறுக்கப்பட்டாலோ, உங்கள் சமரசக் கடிதத்தை அவர்கள் திறந்தும் பார்க்கமாட்டார்கள். ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (சமரசம் முறிந்தால் இதை எங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது) என்று தலைப்பிட்டு எழுதுங்கள்: மாத இழப்பீட்டுத் தொகையை முழுமையாகக் கைவிட வேண்டும், வீட்டை விற்று வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தமக்கைக்கு, காலி செய்ய ஓர் ஆண்டு அவகாசம், அல்லது தமக்கையின் பிள்ளைகளால் கடன் வாங்க முடியுமானால், அந்தப் பங்கைக் கழித்த விலையில் வீட்டை அவர்களே வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை. பாதிப் பங்கு வேண்டும் என்று உங்கள் கட்சிக்காரர் அடம்பிடிப்பார். சட்டப்படி அது அவருக்கு உரியதாகவே இருக்கலாம். வெல்வதற்கான வாய்ப்பு பாதிக்கும் குறைவாக இருக்கும் ஒரு வழக்கில், மூன்றில் ஒரு பங்கு நல்ல விலை.

சமரசத்தை இசைவுத் தீர்ப்பாக (இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பெறும் தீர்ப்பு) பதிவு செய்யும்போது, ஒவ்வொரு நிபந்தனையையும் தேதியோடு எழுதுங்கள். இசைவுத் தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது, பின்னர் மனம் மாறியதற்கு மருந்தும் இல்லை. நிர்வாகியாக அவர் கையெழுத்திடுவது தந்தையின் சொத்துக்காக என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். வீட்டை அவர்களே வாங்குவதாக இருந்தால், நில உரிமையை மாற்றும் 14ஏ படிவம் கையெழுத்தாகி நில அலுவலகத்தில் ஒப்படைக்கப்படும் வரையிலும், விற்பதாக இருந்தால், அவர் பங்கு வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கில் வந்து சேரும் வரையிலும், மேல்முறையீட்டு அறிவிப்பைத் திரும்பப் பெறாதீர்கள்.