அடுப்படியில் கேட்ட படங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் காட்பாடியில் இருக்கிறேன். பிறந்த வீடு குடியாத்தம் பக்கம். போன தீபாவளிக்குக் கோயிலுக்குப் போய் நோம்பு எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், ஐந்து பேர் ஐந்து மூலையில் ஐந்து போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். டிவி தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. "கிறிஸ்துமஸுக்குன்னு இங்கிலீஷ்ல எவ்ளோ படம் இருக்கு, நமக்கு ஏம்மா தீபாவளிப் படமே இல்ல?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் டிசம்பர் பிறந்ததும் ஸ்டார் கட்டி, வருடா வருடம் அதே பாட்டுகளைப் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

நீங்கள் பாட்டு, படம், புத்தகம் எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறவர். வீட்டு விசேஷங்களுக்கு என்று ஒரு பட்டியல் போட்டுத் தர முடியுமா? தீபாவளிக்கு இந்தப் படம், பொங்கலுக்கு இந்தப் பாட்டு, லீவுக்கு இந்தப் புத்தகம் என்று. இனிமேல் வருடா வருடம் அதையே வழக்கமாக்கிக்கொள்கிறோம்.

க., காட்பாடி

அன்புள்ள க.,

முதலில் உங்கள் மகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

தீபாவளிப் படம் என்று நாம் சொல்வது தீபாவளிக்கு வந்த படத்தை. கதைக்குள் தீபாவளி வரவேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. பெற்றவர்களை மதிக்காத ஒருவன் திருந்தும் கதை அது. தீபாவளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. புதுத்துணி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் வேலூருக்குத் தனிப் பாத்தியதையே உண்டு. 1952 தீபாவளிக்கு, அக்டோபர் 17 அன்று, 'பராசக்தி' வந்தது. அதை எடுத்தவர்களில் ஒருவரான நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த ஓர் ஒல்லிப் பையனைத்தான் கதாநாயகனாகப் போடவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். அந்தப் பையன் சிவாஜி கணேசனாகி, ஊரே கொண்டாடும் ஆளான பிறகும், பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்கு வந்து அவருக்குச் சீர் வைத்துவிட்டுப் போவதை வழக்கமாக வைத்திருந்தார். என்னைக் கேட்டால் 'பராசக்தி' தீபாவளிப் படம் மட்டும் இல்லை, பொங்கல் படமும்தான். உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு வசனம் புரியாது, சீர் கொண்டு வந்த கதை புரியும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். பட்டியல் தரமாட்டேன்.

எனக்குப் பிடித்த பாட்டு, பிடித்த படம் என்று இன்றைக்கு நான் சொல்லிக்கொள்வதில் பெரும்பாலானவை நான் பொறுக்கி எடுத்தவையே அல்ல. வேறு யாரோ போட்டார்கள், நான் அங்கே மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் அதை முடிவு செய்தவர் மைக் செட்டுக்காரர். காது குத்தோ, கல்யாணமோ, கூழ் ஊற்றுவதோ, விடியற்காலையில் தென்னை மரத்தில் குழாயைக் கட்டிச் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிடுவார். அப்புறம் இரண்டு அம்மன் பாட்டு. அதோடு அவருக்குச் சாமி தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் அவருடைய சொந்த ரசனைதான். அவர் காதல் தோல்வியில் இருந்த ஒரு வருடம், ஊரில் நடந்த நான்கு கல்யாணங்களிலும் சோகப் பாட்டாகவே ஓடியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தம் போட்டும் அவர் அசையவில்லை. அந்தச் சோகப் பாட்டுகளை இப்போது கேட்டால் எனக்குக் கேசரி ஞாபகம் வருகிறது.

படமும் அப்படித்தான். மாட்டுப் பொங்கல் ராத்திரி வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து டவுனிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரும். சைக்கிள் கேரியரில் போர்வை சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவதுபோல இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வருவார்கள். திண்ணையில் வைத்துப் பூ போடுவோம். மூன்று படம். முதலில் சாமி படம், அது பெரியவர்களுக்குக் கட்டுகிற கப்பம். இரண்டாவது எம்.ஜி.ஆர். மூன்றாவது இளவட்டங்கள் கேட்டது. ஆனால் அது ஆரம்பிக்கும்போது மணி மூன்றாகியிருக்கும், கேட்ட இளவட்டங்களே குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும். டெக்குக்காரர் மூடியைக் கழற்றிப் புது ரூபாய் நோட்டால் ஹெட்டைத் துடைப்பார். புது நோட்டு தருவது யார் என்பதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். எனக்குப் பிடிக்காத படங்கள்தான் அதிகம் ஓடின. அவற்றின் வசனம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

நீங்கள் இப்போது தொலைத்திருப்பது படத்தையோ பாட்டையோ இல்லை என்று நினைக்கிறேன். ஒருவர் போட்டதை இன்னொருவர் சகித்துக்கொண்டு உட்காருவதைத் தொலைத்திருக்கிறீர்கள். நான் பட்டியல் தந்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஆறாவது போனில் ஆறாவது படமாக அது ஓடும்.

பாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. நம் பக்கத்தில் ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதைவிட எந்தச் சமயத்துக்குச் சொந்தம் என்பதுதான் கணக்கு. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கருமாதிக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் அப்பாவுக்கு அதில் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் உயிர். ஏர் ஓட்டும்போது பாடுவார், கிணற்று மேட்டில் பாடுவார், வீட்டு வாசற்படி ஏறும்போது நிறுத்திவிடுவார். ஒரு தடவை மறந்துபோய்ப் பாடிக்கொண்டே உள்ளே வந்ததற்குப் பாட்டி விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். "இன்னாடா, ஊட்ல யார அனுப்பப் பாக்கற?" அப்பாவுக்கு மிகவும் பிடித்த பாட்டு வீட்டுக்குள் ஒருமுறைதான் முழுதாகக் கேட்டது. பெட்டியும் மத்தளமும் முகவீணையுமாக விடியவிடியக் கேட்டது. அப்போது அவர் இல்லை.

ஆனால் ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஒரு வழக்கத்தை உண்டாக்கவே முடியாதா என்று நீங்கள் மடக்கினால், முடியும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜனவரி முதல் தேதி என்றால் உத்தியோகஸ்தர்கள் எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்கார துரை வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. துரைக்கெல்லாம் துரை திருத்தணியில் இருக்கிறார், அங்கே வாருங்கள் என்று 1917 டிசம்பர் 31 அன்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். படிதோறும் கற்பூரம், படிதோறும் திருப்புகழ். நூறு வருடங்கள் தாண்டியும் திருத்தணியில் வருடக் கடைசி ராத்திரி படித் திருவிழாதான். கவனித்தீர்களா, அவர் பாட்டுப் பட்டியல் மட்டும் கொடுத்திருந்தால் அடுத்த வருடமே மறந்திருப்பார்கள். காலுக்கு 365 படி வேலை கொடுத்தார். அவர் முன்னாளில் மைசூர் அரண்மனையில் சமையல்காரராக இருந்தவர். ஆளை உட்காரவிடாமல் வேலை வாங்கினால்தான் பண்டிகை என்பது சமையற்கட்டுக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்!

புத்தகத்துக்கு அதிகம் சொல்ல மாட்டேன். பண்டிகைக்கென்றே அச்சான புத்தகம் நம்மிடம் உண்டு, தீபாவளி மலர். நாங்கள் அதைப் பொங்கலுக்குப் படிப்போம், ஏனென்றால் பழைய பேப்பர் கடைக்கு வர அவ்வளவு நாள் ஆகும். பெரியம்மா வீட்டில் தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்கள். கதை ஒரு பக்கம் என்றால் பின்பக்கத்தில் பாதி நறுக்கிய ஜோக்கும் தைல விளம்பரமும் இருக்கும். எனக்கு ஜோக்குகளின் மீதிப் பாதிதான் இன்னமும் மர்மம். அப்புறம் மு.வ. என்கிற மு. வரதராசனின் 'அகல் விளக்கு'. 1961இல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கியது. மு.வ. வாலாஜா பக்கத்தில் இருக்கும் நம் வேலத்துக்காரர். பாலாறும் வாலாஜாவும் ஒரு நாவலுக்குள் வர முடியும் என்பதே பத்தாம் வகுப்பு லீவில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அறிவுரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு இன்னும் ஏழெட்டு வருடம் போகட்டும்.

காலண்டரில் இல்லாத விசேஷங்களையும் விட்டுவிடாதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஆடிப் பதினெட்டுக்கு மணலில் ஊற்றுத் தோண்டிக் கும்பிட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். பாலத்தின்மேல் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். என் அம்மா வீட்டிலிருந்து கற்பூரம் கொண்டு வந்திருந்தாள். பலகாரம் இல்லை, பாட்டும் இல்லை. தண்ணீர் போகிற சத்தம் மட்டும்தான், ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினோம்.

இப்போது நோம்புக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் 'நோம்பு எடுத்துவிட்டு' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கண் நின்றது. கேதாரகௌரி நோம்பு வீட்டில் இருக்கும்போது தீபாவளிக்கென்று தனியாக வழக்கம் எதற்கு உண்டாக்க வேண்டும்? இருபத்தொரு அதிரசம், இருபத்தொரு வெற்றிலை, இருபத்தொரு பாக்கு, இருபத்தொரு இழைக் கயிறு. (பேரணாம்பட்டிலிருந்து வரும் என் நண்பன் ஒருமுறை அம்மாவைச் சீண்டினான்: "எங்க நோம்பு முப்பது நாள்மா, உங்களுது ஒரே நாள்." அம்மா விடவில்லை: "எங்களுதும் இருபத்தோரு நாள்தான்பா. நாங்க சுருக்கிக்கினோம்.")

அந்த இருபத்தொன்றுக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் முழுக்கக் காயும் முன்னால் இடிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரவேண்டும், ஆனால் இறுகிவிடக் கூடாது. ஒரு நிமிஷம் தவறினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், அல்லது கல்லாகிவிடும். பாகு பதத்துக்கு வரும்போது அம்மா, "அந்த ரேடியோவ நிறுத்து" என்று கத்துவாள். அதனாலேயே நல்ல நல்ல பாட்டுகளின் இரண்டாம் சரணம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14, தமிழ் வருடப் பிறப்பன்று. கொஞ்ச வருடத்தில் கேபிள் எங்கள் தெருவுக்கும் வந்தது. அதற்குப் பிறகு தீபாவளி என்றால் காலையில் பட்டிமன்றம், அப்புறம் 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' படம். நானும் அப்பாவும் தம்பியும் கூடத்தில். அம்மா அடுப்படியில். இன்றைக்கு யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அத்தனை வருடத் தீபாவளிப் படங்களில் ஒன்றைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. விளம்பரத்தின்போது கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பாள், படம் ஆரம்பித்ததும் எண்ணெய் காய்ந்திருக்கும். நீங்கள் ஏங்குகிற அந்தக் 'கூடி உட்கார்ந்த' தீபாவளியில் எப்போதும் ஒரு ஆள் குறைவாகத்தான் இருந்தது. அதையும் சேர்த்து வழக்கமாக்கிவிடாதீர்கள்.

அதனால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வருடத்துக்கு ஒருவர் படம் போடட்டும், மற்றவர்களுக்குத் திட்ட உரிமை உண்டு, எழுந்துபோக உரிமை இல்லை. முதல் வருடம் வீட்டில் மூத்தவர். அதிரச மாவையும் வாழையிலையையும் கூடத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள், தட்டுகிற வேலையை ஐந்து பேரும் செய்யட்டும். கையில் எண்ணெயும் மாவும் இருந்தால் போனைத் தொட முடியாது.

எங்கள் வீட்டில் இதை இரண்டு வருடம் முன்னால் செய்து பார்த்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, நின்றுகொண்டு சுட முடியாது. தெருவில் ஒரு அம்மாவிடம் அதிரசம் சொல்லிவைத்து வாங்கிவிட்டோம். நான்கைந்து தீபாவளிக்கு அவள் அடுப்படியில் இருந்தபடியே கேட்ட ஒரு படத்தைப் போட்டு, முதல் காட்சியிலிருந்து உட்காரவைத்தேன். படம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. "இப்ப கதவு சாத்துவான்" என்பாள், கதவு சாத்துவான். "இப்ப அந்தப் பொண்ணு அழுவும்" என்பாள், அழும். ஆனால் கதாநாயகன் பேச ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இவனா அது? நான் வேற மாதிரி நெனச்சிகினு இருந்தேன்."

பத்து நிமிஷம் பொறுத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள். ஏம்மா என்று கேட்டதற்கு, "நீங்க பாருங்க. எனக்கு இங்கருந்தே நல்லா தெரியுது" என்றாள்.